வேகன் லெதர்

ஆர்ச் கேட்டைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, பையில் இரண்டு சட்டை, கட்டைவிரலில் தீக்காயம். அன்று காலைவரை நான் நெய்வேலியில் பெர்மனென்ட் ஆகவிருந்த ஆள். (டவுன்ஷிப்பில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மரியாதை வேறு எந்தச் சொல்லுக்கும் கிடையாது. பெண் கொடுக்கிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.)

நான் சுரங்கத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. பஜாரில் ஸ்டெல்லா அக்காவின் மொபைல் கடையில் கவர் விற்றுக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு, ஆம்பூரில் தோல் சுமந்து, நெல்லிக்குப்பத்தில் கரும்பு இறக்கி, பஸ் ஸ்டாண்டுகளில் படுத்துப் பழகியவனுக்கு, ஃபேன் காற்று வருகிற வேலை அது. "இந்த ஆர்டர மட்டும் முடிச்சிக் குடு. நீ பெர்மனென்ட்டு. மாடி ரூமும் உனக்குத்தான்" என்றிருந்தார் அக்கா.

ஆர்டர் கொடுக்க வந்தவர் சிவஞானம் சார். மைன்ஸில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், சன்மார்க்கத்துக்காரர். மாமிசம் தொடமாட்டார். காலில் ரப்பர் செருப்பு, கைக்கடிகாரத்துக்குக்கூடத் துணிப்பட்டை. அவர் நடத்தும் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு டேப்லெட் வாங்கியிருந்தார். அத்தனைக்கும் கவர் வேண்டும்.

"இது என்ன மெட்டீரியலு தம்பி?"

அக்கா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அட்டைப்பெட்டியை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வி, ஈ, ஜி, ஏ, என். வேகன். நிலக்கரி ஏற்றிப் போகும் வேகனைப் பார்த்துக்கொண்டே திரிகிறவன் வேறு எப்படிப் படிப்பான்?

"வேகன் லெதருங்க சார்! சாதாரணத் தோலு இல்ல. நிலக்கரி வேகனுக்குப் போடுற எருமத் தோலு. உங்க பேரன் காலம் வரைக்கும் உழைக்கும்!" (வேகனுக்கு எதற்குத் தோல் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போதும் தெரியாது.)

சார் கவரைக் கீழே வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எரும உழைக்கிறது போதாதா தம்பி? செத்தப்புறம் அது தோலும் உழைக்கணுமா?"

அக்கா எச்சில் கையோடு ஓடிவந்தார். "ஐயோ சார், அது வேகன் இல்ல, வீகன்! எந்த உயிரையும் கொல்லாம பிளாஸ்டிக்ல செய்யிற சரக்கு. டேய் முந்திரிக்கொட்ட, நான் வர்றதுக்குள்ள உனக்கு என்னடா அவசரம்?"

"ஒரே கடையில ரெண்டு பதிலு சொல்றீங்களேம்மா. நான் எத நம்புறது?"

மாடி ரூம் கையை விட்டு நழுவுவது எனக்குத் தெரிந்தது. ஆம்பூர் ஞாபகம் வந்தது.

"தீய்ச்சிப் பாத்துடலாங்க சார். பிளாஸ்டிக்னா உருகும். தோலுன்னா மயிரு கருகுன நாத்தம் வரும்."

அக்கா தடுப்பதற்குள் ஒரு கவரின் ஓரத்தில் லைட்டரை வைத்துவிட்டேன். (முந்திரிக்கொட்டை, இரண்டாம் முறை.)

உருகவில்லை. என் விரல் சுட்டது. கடை முழுக்க மயிர் கருகிய நாற்றம்.

அக்காவுக்கே முகம் வெளுத்துவிட்டது. சரக்கு அனுப்பியவன் மலிவான கழிவுத் தோலை வீகன் என்று சொல்லி அவரையும் ஏமாற்றியிருந்தான். ஆனாலும் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "உன் கை முடிதான்டா கருகிடுச்சி. சாருகிட்ட சொல்லு." சொல்லிவிட்டு மாடிப்படியைக் கண்ணால் காட்டினார்.

சார் என் கையைப் பார்த்தார். கரடிக்கு அடுத்தபடி முடி உள்ள கை அது. நான் தலையாட்டினால் போதும், நம்பிவிடுவார். அந்தப் பிள்ளைகளும் வருஷக்கணக்கில் அந்தத் தோலைத் தொட்டுப் படிப்பார்கள்.

"இல்லிங்க சார். இது தோலுதாங்க. பசங்க கையில குடுத்துடாதீங்க."

ஆர்டர் போயிற்று. அக்கா என் பையைத் தூக்கி வாசலில் வைத்தார். "போடா! போயி அந்த வேகன்லயே ஏறிக்கோ!"

நியாயமாக நான் அழுதுகொண்டு நடந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை ஊர்வலம் போல நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். தப்பாகப் படித்துச் சரியாகச் சொன்னவன் அந்த டவுன்ஷிப்பிலேயே நான் ஒருவன்தான்.

(இன்றும் நான் செருப்போ பெல்ட்டோ வாங்கி வந்தால், "எந்த வேகன்ல வந்துச்சாம்?" என்று கேட்பாள் என் மனைவி. மகள் தீப்பெட்டியை நீட்டுவாள்.)

காடாம்புலியூர் வரை ஒரு லாரிக்காரர் ஏற்றிவந்தார். மறுநாள் காலையே அங்கு வேலை கிடைத்தது. முந்திரிக்கொட்டை வறுக்கிற கொட்டகை. "நெருப்பாண்ட நின்னு பழக்கம்..." என்று மேஸ்திரி கேட்க ஆரம்பித்தார்.

அவர் முடிப்பதற்குள், "இருக்குங்க!" என்றேன்.