பனிக்காட்டில் துண்டு போட்ட கதை

ஒரு காட்டில் மரமே கிடையாது. மரமில்லாமல் காடா என்று கேட்கக் கூடாது. திரும்பின பக்கமெல்லாம் பனி அடர்ந்து கிடந்தால் அதுவும் காடுதான். பூமியின் தென்கோடியில் இருந்த அந்தப் பனிக்காட்டில் குட்டையப்பன் என்றொரு பென்குயின் வாழ்ந்தான். மனைவி நீலவேணி முட்டையிட்ட கையோடு மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்விட்டாள். அவள் திரும்பும்வரை முட்டையைப் பாதத்தில் தாங்கிக்கொண்டு பட்டினியாய் நிற்பது அப்பன்காரன் பாடு. வெறும் பனியில் பட்டாலும் ஊதக்காற்று பட்டாலும் முட்டை விறைத்துப்போகும். அதனால் ஒரு பாறை மறைவில் ஒண்டி நின்றான்.

அந்த நேரம் பார்த்து யானையார், கரடியார், சிங்கத்தார் மூவரும் கப்பலில் வந்து இறங்கினார்கள். பனிக்கு அடியில் என்னென்னவோ புதைந்து கிடப்பதாகக் கேள்வி. வாயைத் திறந்தால் ஆராய்ச்சிக்கு வந்தோம் என்பார்கள். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாக இடம் பிடிக்கிற மாதிரி, ஆளுக்கொரு கம்பளித் துண்டை வீசினார்கள். யானையாரின் துண்டு பாறை மறைவு முழுவதையும் பிடித்துக்கொண்டது. கரடியார் துண்டு அதன்மேல் பாதி ஏறிக் கிடந்தது. சிங்கத்தாருடையது இரண்டின் மேலும். குட்டையப்பனைக் காற்றில் தள்ளிவிட்டார்கள்.

"நான் இங்கேதானுங்களே இருந்தேன்."

"இருந்தே, சரி. துண்டு போட்டியா?" என்றார் யானையார்.

மூவருக்கும் சண்டை மூளவே, சட்டம் படித்த ஆந்தையார் வந்து ஒப்பந்தம் பேசினார். போட்ட துண்டு செல்லும் என்றும் சொல்ல முடியாது, செல்லாது என்றும் சொல்ல முடியாது; ஆனால் புதுத் துண்டு போடக் கூடாது, கிடக்கிற துண்டை யாரும் அசைக்கவும் கூடாது என்று தீர்ப்பாயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள்.

காலடியில் முட்டை குளிர்ந்துகொண்டே வந்தது. குட்டையப்பன் மெல்லக் கேட்டான்: "துண்டு மேல நிக்கலாமுங்களா?"

ஆந்தையார் ஒப்பந்தத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை.

அவன் தத்தித் தத்திப் போய் மூன்று துண்டும் சேருகிற இடத்தில் ஏறி நின்றான். யானையார் துதிக்கையை ஓங்கினார்.

"அடிங்க. நான் உருண்டா துண்டும் சேர்ந்து உருளும். அப்புறம் ஒப்பந்தம் என்னாகிறது?"

யானையார் துதிக்கையை இறக்கி யோசித்தார். தன் துண்டில் பொரிகிற குஞ்சு தன் குடிதானே? சொந்தக் குடியே அங்கே பிறந்தால் இடம் யாருடையது என்று எவன் கேட்பான்? உடனே காற்றுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டார். அவர் கணக்கு புரிந்துபோய்க் கரடியார் மறுபக்கம் நின்றார். மிச்சமிருந்த இடைவெளியைச் சிங்கத்தார் அடைத்தார். ஒரு பொட்டுக் காற்று உள்ளே வரவில்லை. குஞ்சு பொரிந்ததும் மூவரும் போட்டி போட்டுக்கொண்டு குஞ்சுக்கும் அப்பனுக்கும் மீன் ஊட்டினார்கள். குஞ்சு யாருடைய குடி என்று அவர்கள் கேட்டபோதெல்லாம், எந்த மீன் ருசி என்று பிள்ளை இன்னும் முடிவு செய்யவில்லை என்றான் குட்டையப்பன்.

எலும்பும் தோலுமாய்க் கிடப்பான் என்று நினைத்துப் பதறி ஓடிவந்தாள் நீலவேணி. புருஷன் தொந்தியும் தொப்பையுமாய் நின்றான். இரை கொடுக்க வாயைத் திறந்தாள். குஞ்சு ஏப்பம் விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"யாரு இவங்கெல்லாம்?"

"நம்ம இடத்தைப் பிடுங்கிக்கிட்டவங்க. சத்தம் போடாதே, உனக்கும் சாப்பாடு வருது."

நீதி: நம் வீட்டை ஒருவன் பிடுங்கினால் அழ வேண்டும், மூவர் பிடுங்கினால் சமைக்கவே வேண்டாம்.