பாராட்டுக்கு விழுந்த வரி

"பாராட்டு இருக்கு. அதனால வரியும் இருக்கு" என்றார் வருமானவரி ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா.

பாஸ்கல் திருதிருவென்று விழித்தார். கப்பல் ஏஜென்சியின் கிட்டங்கியில் இருபத்தைந்து வருடம் மூட்டை எண்ணியவருக்கு, இங்கிலீஷில் மூட்டைக் குறிகளை மட்டும்தான் வாசிக்க வரும்.

முந்தின சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனிப் பியூன் பிச்சையா ஒரு கவரை நீட்டினான். உள்ளே ஒரு இங்கிலீஷ் கடிதமும் மூவாயிரம் ரூபாய்க்குச் செக்கும் இருந்தன. அந்தக் கம்பெனியில் சனிக்கிழமை கவர் வந்தால் வேலை போயிற்று என்று அர்த்தம். உலக யுத்தம் முடிந்து கப்பல் குறைந்ததிலிருந்து ஐந்து பேர் அப்படித்தான் போனார்கள். 'போ' என்று கம்பெனித் துரை வாய் திறந்து சொல்லமாட்டார், அவ்வளவு நாகரிகம். பாஸ்கலும் ரோஷக்காரர். ஏன் என்று கேட்காமல் திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் இருந்துவிட்டார். செக்கை மாற்றப் போன பாங்கியில் வரி உண்டா என்று கேட்டுக்கொள்ளச் சொன்னதால்தான் கடிதத்தோடு இங்கே வந்தார்.

"வேலை போனவன்கிட்டயா வரி கேக்கிய?"

"கடுதாசியில அப்படி இல்லியே. விசுவாசமா உழைச்சதைப் பாராட்டின்னுதான் இருக்கு. உழைச்சதுக்குக் கொடுத்தா வருமானம். வரி நூறு ரூபாய்க்கு மேல வரும். வேலை போனதுக்கு நஷ்டஈடுன்னா தம்பிடி கிடையாது."

இனி அந்த மூவாயிரம்தான் வீட்டுக்குச் சோறு. பாஸ்கல் கடிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு காசிலிங்கம் பையோடு நின்றிருந்தார். "பிரீமியம் கட்டினா வரி குறையும் அண்ணாச்சி. ஐநூறு கட்டும்."

கட்டிவிட்டு ரசீதைக் கொண்டுபோய் நீட்டினார் பாஸ்கல்.

"இருபத்திமூணு ரூபாய் குறையும்" என்றார் குமாஸ்தா.

"ஐநூறுக்கா?"

"சர்க்கார் தாராளமா இருக்கு. இதுக்கு மேல எதிர்பார்க்கக் கூடாது."

பாஸ்கல் மனு எழுதுகிறவரைப் பிடித்தார். பாராட்டை எடுத்துவிட்டு, வேலை போனதற்கு நஷ்டஈடு என்று போட்டுத் தரும்படி துரைக்கு மனு போயிற்று. இரண்டே நாளில் புதுக் கடிதம் வந்தது.

குமாஸ்தா அதை இரண்டு தடவை வாசித்தார். "இப்போ சரி. வரி கிடையாது."

"பிரீமியத்துக்கு உள்ள இருவத்திமூணு?"

"வரியே இல்லாதவருக்கு எதுல குறைக்க?"

போகட்டும், நூறு ரூபாய் மிச்சம். "சர்க்காரையே ஜெயிச்சிட்டேன்ளா" என்று மனைவி பிலோமியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பிச்சையா வந்து நின்றான்.

"மேசைச் சாவியைக் கொடுத்துரும் அண்ணாச்சி. நாளைக்குப் புது ஆளு வாரான்."

"போன வாரமே கேட்டிருக்கலாமேடே."

"போன வாரம் உமக்கு வேலை இருந்துச்சே. இருவத்தஞ்சு வருசம் ஆச்சுன்னு துரை வெகுமதி கொடுத்தாரு. நீரு காய்ச்சல்ல கிடக்கீருன்னு நாந்தான் சொல்லி வச்சிருந்தேன். வேலை போச்சுன்னு நீரு மனு போட்ட பொறவுதான ஆளு தேடுனாவ!"