பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்

என் அன்புக்கும் அவ்வப்போது என் கோபத்துக்கும் உரிய தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். உன் அண்ணி நலம். உன் மருமகன், அதாவது என் மகன், வேலைக்குப் போய்விட்டு வந்து நலமாகத் தூங்குகிறான். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசிக்கொண்டு இப்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் உன் அண்ணி துணி மடிக்கிற சாக்கில் காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்பாள். இது நம் இருவருக்குள் இருக்க வேண்டிய விஷயம். ஆகவே இதை நானே எழுதி, நானே ஒட்டி, நானே தபாலில் போடுவதாக இருக்கிறேன்.

விஷயம் இதுதான். இன்னும் பன்னிரண்டு நாளில் நானும் உன் அண்ணியும் அங்கே வந்து இறங்குகிறோம். வந்த வாரத்துச் சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் தெருமுனையில் பச்சைக் கண்ணாடி போட்ட ஓட்டலில் நாம் நாலு பேரும் சாப்பிடப் போகிறோம். பில்லை நான் கட்டுகிறேன். நீ பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். கைப்பையும் கூடாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ இங்கே வந்திருந்தபோது நடந்ததை நீ மறந்திருப்பாய். சாப்பிட அழைத்துப் போனவன் நான். பில் வந்ததும் சட்டைப் பையில் கைவிட்டு, நோட்டுகளை வெளியே எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த இரண்டைப் பிரிப்பதற்குள் நீ உன் கார்டை அந்த மெஷினில் ஒரு தட்டுத் தட்டிவிட்டாய். பரிமாறினவர் என்னைப் பார்த்து, "மேடம் கட்டிட்டாங்க சார், நீங்க உள்ள வெச்சுக்குங்க" என்றார். உள்ளே வைத்துக்கொண்டேன். சாப்பாடு அன்றைக்கே செரித்துவிட்டது, அந்த வார்த்தை இன்னும் செரிக்கவில்லை. உனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினவன், சைக்கிள் வாங்கிக் கொடுத்தவன், விழுந்த பிறகு அதே சைக்கிளை ரிப்பேர் பார்த்தவன், நான் இதையெல்லாம் சொல்லிக் காட்டுகிற ஆள் கிடையாது, சொல்லவும் மாட்டேன். ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

உங்கள் தெருமுனை ஓட்டலில் நோட்டு வாங்க மாட்டார்கள், கார்டுதான் என்று நீ சொன்ன நாளிலிருந்து கார்டு தேடுகிறேன். நாலு மாதம் ஆகிறது. பெண் பார்க்கக்கூட நான் இவ்வளவு அலையவில்லை, இதை உன் அண்ணியிடம் சொல்லிவிடாதே. ஒரு கார்டில் வெளிநாட்டில் தட்டுகிற ஒவ்வொரு தடவைக்கும் நூற்றுக்கு மூன்றரை எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்றில் தட்டினால் ஒன்றும் இல்லை, அங்கே ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் கட்டணம். பணம் எடுக்காமல் மீதி எவ்வளவு என்று பார்த்தால் அதற்கும் கட்டணம். சும்மா பார்த்ததற்கே காசு வாங்குகிறவர்களை நான் டாக்டர்களைத் தவிர எங்கேயும் கண்டதில்லை. எல்லாவற்றையும் கோடு போட்ட நோட்டில் எழுதி, சிவப்பு மசியில் அடிக்கோடிட்டு, மூன்று கார்டைத் தேர்ந்தெடுத்து மூன்றையும் வாங்கினேன். சோதித்துப் பார்த்து, தேறினதை எடுத்துக்கொண்டு வருவதாகத் திட்டம்.

உனக்குத் தெரியும், பூட்டுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். ஒரு நாளைக்கு நூற்றிருபது பூட்டு. சரியான சாவியைப் போட்டுத் திறந்து பார்க்க யாருக்கும் வரும். தப்பான சாவியைப் போட்டு, கம்பியை விட்டுக் குடைந்து, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, எது அசையாமல் இருக்கிறதோ அதற்குத்தான் நான் முத்திரை வைப்பேன். கார்டு என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட முடியுமா, நீயே சொல்.

முதல் கார்டு நம் பழைய வங்கியுடையது, நீல நிறம், மேலே கப்பல் படம். ஏ.டி.எம்.முக்குக் கொண்டுபோய் வேண்டுமென்றே தப்பு நம்பரைப் போட்டேன். இன்னொரு தடவை போட்டேன். மூன்றாவது தடவை போட்டதும் உங்கள் கார்டு முடக்கப்பட்டது என்று திரையில் வந்தது. எனக்கு அப்படி ஒரு திருப்தி. பாதி வழி நடந்து வந்த பிறகுதான் அது என் கார்டு என்பது ஞாபகம் வந்தது. வங்கிக்குத் திரும்பிப் போனேன். கார்டு மேசையில் இருக்கிற பெண், "சார், யாராவது திருடிட்டாங்களா?" என்று பதறினாள். "இல்லம்மா, நான்தான் திருடிப் பார்த்தேன்" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேறு ஒரு படிவத்தை எடுத்தாள். புதுக் கார்டு வர மூன்று வாரம் ஆகும் என்றாள். பழையதை நறுக்கிப் போடச் சொல்லிக் கத்தரிக்கோலையும் நீட்டினாள். எனக்கு மனசு வரவில்லை. கடமையைச் சரியாகச் செய்த கார்டு அது. என் மேசை டிராயரில் பத்திரமாகக் கிடக்கிறது.

சரி, மூன்று வாரம் சும்மா இருப்பானேன் என்று இரண்டாவது கார்டை எடுத்தேன். இது முன்கூட்டியே பணம் போட்டு வைத்துக்கொள்கிற வகை. அயல் ஊரில் இது காணாமல் போனால் என்ன செய்வது, அதையல்லவா பார்க்க வேண்டும். கார்டின் பின்னால் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, கார்டு திருடு போய்விட்டது என்றேன். கார்டு என் இடது கையில்தான் இருந்தது. நாற்பது விநாடிக்குள் எடுத்துப் பேசினார்கள், மிகவும் மரியாதையான பையன், "கவலைப்படாதீங்க சார், இப்பவே ரத்து பண்ணிட்டேன்" என்றான். அவனைப் பாராட்டிவிட்டு, "ரொம்ப நல்லதுப்பா, கார்டு எங்கிட்டயேதான் இருக்கு, திரும்பத் திறந்து விட்டுடு" என்றேன். திறக்க முடியாதாம். ஒரு தடவை திருட்டு என்று சொன்னால் சொன்னதுதானாம். உள்ளே போட்ட பணம் திரும்பி வர முப்பது வேலை நாள், அதில் ஞாயிறும் சனியும் சேர்த்தி இல்லை.

மூன்றாவது, கட்டடமே இல்லாத வங்கி. எல்லாம் போனுக்குள் இருக்கிறது. எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை, தகராறு என்றால் எங்கே போய் நின்று கத்துவது? உன் மருமகன்தான், "கட்டணமே கிடையாதுப்பா, மூஞ்சியைக் காட்டினா திறக்கும்" என்று சேர்த்துவிட்டான். மூஞ்சியைக் காட்டினால் திறக்கும் என்றால் யார் மூஞ்சி என்று கேட்க வேண்டாமா? அவன் மூஞ்சியைக் காட்டினேன், திறக்கவில்லை. உன் அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அவளிடம் நீட்டினேன், திறக்கவில்லை. என் பாஸ்போர்ட் போட்டோவைக் காட்டினேன், அதற்கும் அசையவில்லை. அடடா, இதுவல்லவா பூட்டு என்று என் சொந்த முகத்தைக் காட்டினேன். சந்தேகத்துக்குரிய நடவடிக்கை என்று சொல்லி மூடிக்கொண்டது. இன்றுவரை என்னை யாரென்றே அதற்குத் தெரியவில்லை. உன் மருமகன் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அப்பா, கார்டு வாங்கறது செலவு பண்றதுக்கு. திருடன் வந்தா என்ன பண்ணுவான்னு பார்க்கறதுக்கு இல்ல. இதுவரைக்கும் உங்க கார்டுக்கு வந்த ஒரே திருடன் நீங்கதான்" என்றான். டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை வங்கிக்குப் புது நீலக் கார்டு வந்து சேர்ந்தது. கொடுக்கும்போதே அந்தப் பெண், "சார், இதுவும் முடங்கினா இன்னொண்ணு வர்றதுக்குள்ள உங்க ஃப்ளைட் போயிடும். தயவுசெஞ்சு எதுவும் பண்ணாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள். வாக்குக் கொடுத்தேன். வெளிநாட்டில் செல்லுபடியாகும்படி அவளே மாற்றிக் கொடுத்தாள். ரகசிய நம்பரை யாரிடமும் சொல்லக்கூடாது, குடும்பத்தாரிடம்கூடக் கூடாது என்று காகிதத்தில் அச்சடித்திருக்கிறது. ஏ.டி.எம். அறையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்து, குனிந்து, யாரும் பார்க்காதபடி போட்டேன். உன் அண்ணியை வெளியே வாசலில் நிறுத்திவிட்டேன். கொஞ்சம் முறைத்தாள். நான் கண்டுகொள்ளவில்லை. அந்த நாலு எண் என்னோடுதான் போகும்.

ஒத்திகையும் பார்த்தாயிற்று. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, உன் மருமகன் பரிமாறுகிறவன், டி.வி. ரிமோட்தான் மெஷின். பில் வந்தவுடன், ரத்தாகிப்போன இரண்டாவது கார்டை எடுத்துத் தட்ட எனக்கு முதலில் இருபது விநாடி ஆயிற்று, இப்போது ஆறு. நீ இருக்கிற ஊர்ப் பணத்திலா நம் ரூபாயிலா என்று மெஷின் கேட்கும், ரூபாயில் என்று சொன்னால் அவர்கள் இஷ்டத்துக்கு விலை போட்டு உருவிவிடுவார்கள், அந்த ஊர்ப் பணத்தில் என்றுதான் அமுக்க வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நீ குறுக்கே புகுந்து சொல்லிக் கொடுக்காதே.

ஆகவே பர்ஸ் வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், நீ பர்ஸை எடுத்து வரவே கூடாது. மாப்பிள்ளை எப்போதும் பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்துக்கொள்கிற வழக்கம் உள்ளவர் என்றால் அவர் பாட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும், ஒரு மனுஷனுடைய வழக்கத்தை நாம் எதற்குக் கெடுக்க வேண்டும். அந்த ஓட்டலில் ஒருவேளை நோட்டு வாங்குவார்களா என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை விசாரித்தாலும் தப்பில்லை. சும்மாதான் கேட்கிறேன். புதுக் கார்டு அதன் கவரில், என் சட்டைப் பையில், விரல்கூடப் படாமல் அப்படியே இருக்கிறது.

நோயில்லாத உடம்போடும் கட்டணமில்லாத கணக்கோடும் நீயும் மாப்பிள்ளையும் பல்லாண்டு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்.

பி.கு.: வாலு, இது அண்ணி எழுதறேன். ஒட்டறதுக்குக் கோந்தைத் தேடிக்கிட்டு இருந்தார். கோந்து எங்கிட்ட இருந்தது. "குடுங்க, நான் ஒட்டித் தரேன்"னு வாங்கினேன், படிச்சேன். பெண் பார்க்க அலைஞ்ச கதையை இவர்கிட்ட அப்புறம் பேசிக்கறேன். அந்த நாலு எண் நீ பிறந்த வருஷம். பீரோவுக்கும் சூட்கேஸுக்கும் போனுக்கும் அதுதான், முப்பது வருஷமா அதுதான், இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நான் பிறந்த வருஷத்தைக் கேட்டுப் பாரு, ரேஷன் கார்டைத் தேடுவார். விரல் படலேன்னு எழுதியிருக்காரே, அதைத்தான் ரெண்டு தடவை படிச்சேன். ஞாயித்துக்கிழமை நடைக்குப் போறேன்னு போனவர் ஏ.டி.எம்.ல போய்த் தப்பு நம்பர் போட்டுப் பார்த்திருக்கார், முதல் தடவையே முடங்கிடுச்சுன்னு வந்திருக்கு. முகம் செத்துப் போய் வந்தார். அன்னைக்குச் சாப்பிடவே இல்ல. "சும்மா ஒரு சந்தேகம், ஒரே தடவையில முடங்குமாடா?"ன்னு பையன்கிட்டக் கேட்டார். நாலு நாளா யார்கிட்டயும் சொல்லாம மனசுக்குள்ளயே வெச்சுப் புழுங்கறார். ஆனா அவர் சோதிச்சது டிராயர்ல கிடந்த பழைய கார்டு. இவர் கை சும்மா இருக்காதுன்னு தெரிஞ்சு, வெள்ளிக்கிழமையே கவருக்குள்ள அதை மாத்தி வெச்சுட்டேன். ரெண்டும் நீலம், ரெண்டுலயும் கப்பல், நடைக்குப் போறப்போ இவர் கண்ணாடி போடறதும் இல்ல. நல்ல கார்டு எங்கிட்ட இருக்கு, நேத்து மருந்துக்கடையில தட்டிப் பார்த்தேன், வேலை செய்யுது. அதனால நீ பர்ஸ் எடுத்துட்டு வராதே. உன் வீட்டுக்காரரையும் வெச்சுட்டு வரச் சொல்லு. பில் வந்ததும் கொஞ்ச நேரம் இவர் முகத்தைப் பார்த்துட்டு, மேசைக்கு அடியில நல்ல கார்டை இவர் கையில வெச்சுடறேன். உன் சாப்பாட்டுக்கு இவர்தான் கட்டணும்.