நெல்லிக்கொட்டாய் பாலமும் ஒரு சீலிங் ஃபேனும்

காட்டில் புலி குறைந்துவிட்டது, ஊரில் குருவி குறைந்துவிட்டது என்று கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆறுதலுக்காக, குறையவே குறையாத ஓர் இனத்தை அறிமுகம் செய்கிறேன். ஊழல் மோப்பர் என்று பெயர். தேர்தலில் தோற்ற மறுநாள் காலையில் பிறக்கும். ஜெயித்த அன்று மாலையில் மறைந்துவிடும். இடைப்பட்ட காலம் முழுக்க மூக்கை நீட்டிக்கொண்டு அலையும்.

அடையாளம் சுலபம். அக்குளில் ஒரு ரெக்சின் பை இருக்கும். ஆதாரம் எல்லாம் அதற்குள் இருப்பதாகச் சொல்வார். ஒருமுறை டீக்கடையில் அது தவறி விழுந்து திறந்தபோது ஒரு துண்டும் சீப்பும் பாதி தின்ற முறுக்கும்தான் வெளியே வந்தன. "பேரைச் சொல்ல விரும்பல, உங்களுக்கே தெரியும்" என்பார். நமக்குத் தெரியாது. ஆனாலும் தலையாட்டுவோம். தெரியாது என்று சொன்னால் நமக்கும் பங்கு வந்திருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் பேசிவிடுவாரே, யாருக்கு வம்பு?

எங்கள் கள்ளக்குறிச்சியில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி அன்புச்செல்வன். எதிர்க்கட்சியின் ஒன்றியச் செயலாளர். இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல் நடந்து, சாலைகளில் புளியமரங்கள் குறுக்கே கிடந்த ஆண்டு அது. எல்லாக் கட்சிக்காரர்களும் ஏதாவது ஒரு மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்புச்செல்வன் உளுந்தூர்பேட்டை போய் முன்வரிசையிலேயே உட்கார்ந்தார்.

அப்போது கல்வராயன் மலையில் நெல்லிக்கொட்டாய் என்ற சிற்றூருக்குப் போகும் வழியில், ஓடைக்குக் குறுக்கே ஒரு சிறுபாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும்; ஊர்க்காரர்கள் இறங்கி, சேலையையும் வேட்டியையும் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடக்க வேண்டும். பாலத்தை கான்ட்ராக்ட் எடுத்திருந்தவர் பாவாடை என்பவர். கல் சுமந்தவர்களில் ஒருவர் அதே ஊர்க்காரரான பெரியம்மாள். அவருக்குக் கூலியைவிடப் பாலம் முக்கியம். மகள் கோகிலவாணிக்கு அடிவாரத்தில் மாப்பிள்ளை பார்த்து முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா வேடியப்பன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"பஸ்ஸு உங்க வூட்டாண்ட வரட்டும், அப்புறம் தாலி. எங்க சனம் வேட்டிய வழிச்சிக்கினு ஓடையில எறங்கி வராது."

மழைக்கு முன் பாலம், மழைக்குப் பின் கல்யாணம் என்று பேச்சு. பாலம் மட்டும் உருப்படியாக எழும்பிக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான் அன்புச்செல்வனுக்குச் சந்தேகமாக இருந்தது.

மறியலில் மரம் விழுந்ததால் சிமெண்ட் லாரி உளுந்தூர்பேட்டையிலேயே நின்றுவிட்டது. அன்புச்செல்வன் ஊர் திரும்பி, கடைத்தெருவில் அன்றைக்கே மைக் கட்டிவிட்டார். "நெல்லிக்கொட்டாய் சிமெண்ட் எங்கே? உளுந்தூர்பேட்டையில் நிற்கிறது. ஏன் நிற்கிறது? நிறுத்தி வைத்திருப்பது யார்?" என்று கேட்டார். நிறுத்தி வைத்திருந்தது அவரேதான். லாரிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஆனால் மேடையில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்வது நம் ஊரில் வழக்கமில்லை. கைதட்டிவிட்டு வந்தோம்.

பிறகு வந்தது பெரிய கண்டுபிடிப்பு.

அன்புச்செல்வனின் மகளுக்குக் காதுகுத்து. எந்தக் கட்சியாக இருந்தாலும் நேரில் போய்ப் பத்திரிகை வைப்பது எங்கள் பக்கத்து மரியாதை. அதற்காக ஆளுங்கட்சி அலுவலகத்துக்குப் போனார். ராசு என்பவரின் அரிசிக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை அது. கலர் சோடா ஊற்றிக் கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகி, மெதுவாகி, நின்றது. அன்புச்செல்வன் அண்ணாந்து பார்த்தார். ஓர் இறக்கையில் சிவப்பு பெயிண்டில் 'உபயம்'. அடுத்த இறக்கையில் 'பாவாடை'. மூன்றாவதில் வெள்ளையடித்தபோது தெறித்த சுண்ணாம்பு. கோயிலுக்கு டியூப் லைட் கொடுத்தால்கூட வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெயர் எழுதி வைக்கிற ஊர் எங்கள் ஊர். ஃபேன் மட்டும் தப்புமா?

கலரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினார். சாயங்காலமே கூட்டம். "ஒரு பாலத்துக்கு விலை ஒரு ஃபேன்!" என்று ஆரம்பித்து, அந்த ஃபேன் எத்தனை சுற்று சுற்றினால் எத்தனை மூட்டை சிமெண்ட் பறக்கும் என்று விவரித்தார். வேலைக்குப் பொறுப்பான அதிகாரி பயந்த சுபாவக்காரர். விசாரணை முடியும்வரை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பெரியம்மாள் மலையிலிருந்து இறங்கி வந்து அன்புச்செல்வனைப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அண்ணே, பாலத்த ஏன் நிறுத்திட்டாங்க? எம் பொண்ணு கல்யாணம் அத்த நம்பித்தான் நிக்கிது."

"நான்தாம்மா நிறுத்தினேன். எல்லாம் உனக்காகத்தான்."

"எனக்காகவா? நான் கட்டுங்க கட்டுங்கன்னு இல்ல சொல்லிக்கினு கெடக்கறேன்."

"லஞ்சத்துல கட்டின பாலத்துல உம் பொண்ணு நடக்கலாமா? யோசிச்சிப் பாரு."

"தண்ணியில நடக்குறதுக்கு அது தேவலீங்க."

"ஒனக்கு அரசியல் புரியாது" என்று சொல்லிவிட்டு அன்புச்செல்வன் பையை அக்குளில் இறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

விசாரணை நாளன்று ராசுவின் மாடியில் நிற்க இடமில்லை. அதிகாரி வந்தார், பாவாடை வந்தார், அன்புச்செல்வன் மாலை போடாத குறையாக வந்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற ஃபேனில் ஊழல் தெரியாது என்பதால் சுவிட்சை அணைத்தார்கள். அத்தனை பேரும் கழுத்தை மடக்கி அண்ணாந்து நின்றோம்.

"உபயம்" என்று அதிகாரி உரக்கப் படித்தார். "பாவாடை" என்று படித்தார். "மூணாவதுல இன்னா இருக்குது?"

"அதுல தொகை போட்டிருப்பாங்க சார்" என்றார் அன்புச்செல்வன்.

ராசு பெஞ்சின்மேல் ஏறி ஈரத்துணியால் துடைத்தார். சுண்ணாம்பு கரைந்து இறங்கியது. மூன்றாம் இறக்கையில், மற்ற இரண்டையும்விடப் பெரிய எழுத்தில், 'முன்னிலை: அன்புச்செல்வன்' என்று இருந்தது.

கொஞ்ச நேரம் யாரும் கழுத்தை இறக்கவில்லை.

பெஞ்சில் நின்றபடியே ராசு சொன்னார்: "போன ஆட்சியில இந்த ரூமு உங்க கட்சி ஆபீஸுதானுங்க. காலி பண்ணும்போது கொடி, நாற்காலி, படம் எல்லாம் எடுத்துக்கினு போனீங்க. மேல பாக்காம போய்ட்டீங்க. அப்புறம் வாடகைக்கு வந்தவங்க சுத்துறத சுத்தட்டும்னு வுட்டுட்டாங்க."

"நீங்க கேட்டதுதாண்ணே" என்றார் பாவாடை, பணிவாக. "அப்ப நான் காளவாய்ல செங்கல் சுட்டுக்கினு இருந்தேன். வெக்க ஜாஸ்தியா இருக்குது, கட்சிக்கு ஒரு ஃபேன் வாங்கிக் குடுன்னீங்க. எம் பேர மட்டும் எழுதுனா எடுப்பா இருக்காதுன்னு மூணாவது றெக்கையில உங்க பேர எழுதச் சொன்னதே நீங்கதான்."

நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? தலையைத் தொங்கப் போட்டிருப்போம். மோப்பரின் ஞாபகசக்தி பதவி போன மறுநாள்தான் பிறக்கிறது. அதற்கு முந்தைய எதற்கும் அவர் பொறுப்பில்லை. அன்றைக்குச் சாயங்காலமே கூட்டம். "எங்கள் கட்சியின் ஃபேனை அபகரித்து இத்தனை காலம் காற்று வாங்கிய ஆளுங்கட்சியே, பதில் சொல்!" நாங்கள் கைதட்டினோம். அதிகாரி இந்தப் புகாரையும் வாங்கிக்கொண்டார். ஃபேன் வழக்குச் சொத்தாகிவிட்டது. வழக்கு முடியாமல் பாலத்தைத் தொடலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாதபோது சும்மா இருப்பது அவருடைய கொள்கை.

மழை வந்தது. அரைகுறையாக நின்ற பாலத்தை ஓடை அடித்துக்கொண்டு போயிற்று. மறுநாள் அன்புச்செல்வன் குடை பிடித்துக்கொண்டு பேசினார்: "நெல்லிக்கொட்டாயில் ஒரு பாலத்தையே காணவில்லை! யார் தின்றது?"

இதுவரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் வேடியப்பனும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுவாரம் ஓடைக்கரைக்குப் போய், இந்தப் பக்கம் நின்றபடியே அந்தப் பக்கத்தில் இருந்த பெரியம்மாளைக் கேட்டார்.

"பாலத்துல கல்லு தூக்கினவ நீ. பொண்ணு காதுல புதுத் தோடு கெடக்குதாமே? கூலிக்காரிக்கு ஏது?"

"வாயக் கட்டி, வயித்தக் கட்டி வாங்கினதுங்க."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. எதுவும் இல்லாமயா மைக்குல பேசுவாங்க?"

சம்பந்தம் அத்தோடு முறிந்தது. மைக்கில் அன்புச்செல்வன் பெரியம்மாளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இந்த இனம் முட்டையிடுவதும் இல்லை, குட்டி போடுவதும் இல்லை. கைதட்டினால் போதும், கூட்டத்திலேயே பெருகிவிடும். நானும் கைதட்டியவன்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும். படித்தவர், நிதானமானவர், எதையும் விசாரித்துத்தான் நம்புவீர்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு வந்தீர்களே, நடுவில் எங்காவது, 'இந்த ஆள் பாவாடைக்கு இவ்வளவு பரிந்து எழுதுகிறானே, இவன் வீட்டு ஃபேனில் யார் பெயர் இருக்கிறதோ' என்று தோன்றியதா?

தோன்றவில்லை என்றால் சந்தோஷம். தோன்றியிருந்தால், ஒரு நடை மலைக்குப் போய் வாருங்கள். பஸ் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். அந்தப் பக்கம் பெரியம்மாள் இருப்பார். அந்தத் தோடு எப்படி வந்தது என்று நீங்களும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.