முதலில் வந்த அத்தை

நடிகைகளில் முதல்பெயர்க்காரி என்று ஓர் இனம் உண்டு. கெய்ரோவில், இமாதுத்தீன் தெருவில், நாடகக் கொட்டகையின் சுவரொட்டியை ஒருத்தி சாண் போட்டு அளந்துகொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அவள்தான். சம்பளத்தைக் குறையுங்கள், சிரிப்பாள். வசனத்தை வெட்டுங்கள், பொறுப்பாள். பெயரை இரண்டாவதாகப் போடுங்கள், பார்ப்போம்!

மேடம் இன்ஷிராஹ் அந்த இனத்தின் மகாராணி. முதல் படத்தில் பிணமாகப் படுத்திருந்தாள். திரையில் அவள் பெயர், ஒட்டகம் கொடுத்து உதவியவருக்கும் கீழே வந்தது. அன்று பட்ட சூடு. பிறகு காதலியாக, கைவிடப்பட்டவளாக, கடத்தல்காரியாக, கணக்கற்ற மாமியார்களாக நடித்து, படத்துக்கு ஒரு பெயராகத் தாண்டி உச்சிக்கு வந்து மூச்சு வாங்கியவள், டிவி தொடரிலிருந்து நேற்று வந்த நர்மீனுக்குக் கீழே இறங்குவாளா?

கொட்டகை முதலாளி ஷஃபீக், புது நாடகத்தில் இருவருக்கும் முதல் பெயர் தருவதாகத் தனித்தனியே சத்தியம் செய்திருந்தார். மாட்டிக்கொண்டதும் தீர்ப்புச் சொன்னார்.

"சண்டை வேணாம்மா. மேடைக்கு யார் முதல்ல வர்றாங்களோ அந்த வரிசைப்படி பேரு. தினமும் பார்த்து மறுநாள் போஸ்டரை மாத்திடறேன்."

இன்ஷிராஹுக்கு, அலெக்சாண்டிரியாவிலிருந்து மூன்றாம் அங்கத்தில் பெட்டியோடு வந்திறங்கும் அத்தை வேஷம். அன்றைக்கே அத்தை முதல் காட்சியில் நுழைந்துவிட்டாள்.

கதாநாயகன் வெலவெலத்துப் போனான். "நீங்க... இப்பவேவா?"

"ரயில் சீக்கிரம் வந்துடுச்சுடா!"

அடுத்த நாள் திரை விலகும்போதே நர்மீன் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த நாள் அத்தை திரைக்கு முன்னால். உடனே நர்மீன் டிக்கெட் கிழிக்கும் வாசலுக்குப் போனாள். விடுவாளா இவள்? மறுநாள் வெயில் சாயும் முன்பே, பெட்டியும் கையுமாகக் கொட்டகைப் படிக்கட்டில்!

கூட்டம் கூடியது. கூட்டத்தைக் கண்டால் இந்த இனத்துக்கு வாய் நிற்குமா? அழுகை, சாபம், மயக்கம் என்று மூன்றாம் அங்கம் முழுவதையும் நடைபாதையிலேயே கொட்டித் தீர்த்தாள். எதிர்க்கடையில் கோஷாரிச் சோறு விற்பவர் கரண்டியை வைத்துவிட்டுத் தேம்பினார்.

"இதுக்கு மேல உள்ள என்னத்தக் காட்டப்போறாங்க?" என்றார் ஒருவர். நியாயம்தானே? எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நர்மீனும் கதாநாயகனைக் கூட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

ஷஃபீக் வாக்குத் தவறாதவர். வந்தவர்கள் வரிசைப்படியே மறுநாள் பெயர் போட்டார். வந்தது ஒருத்திதான்.

"மனசு குளிர்ந்துச்சா மேடம்? நாடகம் ஊத்தி மூடியாச்சு. உங்க பேரு மட்டும் இருக்கு."

சாண் போடப்போன கை பாதியில் நின்றது. முகம் வாடியது.

"கீழ யாருமே இல்லையே உஸ்தாத்! அப்புறம் நான் எப்படி முதல் பேரு? ஓடுங்க, கால்ல விழுந்தாவது அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், நீங்கள்தான் நடிகை இல்லையே. ஆனால் ஒன்று: சொந்தத்தில் போன மாதம் வந்த கல்யாணப் பத்திரிகையில், மாப்பிள்ளை யாரென்று பார்ப்பதற்கு முன் உங்கள் கண் எந்த வரிக்கு ஓடியது? உங்களுக்கு மேலே இருந்தது யார் பெயர் என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது, இல்லையா?