ராசியில்லாத கை

கம்பியைச் செருகிச் சுற்றிச் சுற்றிக் கைலாசநாதனுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. டிராக்டர் இரண்டு முறை இருமியது. பிறகு அதுவும் இல்லை.

நேற்றுத்தான் மலையடிவார ரப்பர் எஸ்டேட்டிலிருந்து தோவாளைவரை ஓடிவந்த வண்டி அது. கப்பலேறப் போன வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போனது. அதை வாங்குவதற்காகக் கைலாசநாதன் தன் காளை ஜோடியை மச்சினன் தெய்வநாயகத்துக்கு விற்றிருந்தார். காளைகள் தொழுவத்தைவிட்டு இறங்கியபோது அவர் மனைவி அழகியநாயகி அழுதாள். அந்த அழுகைதான் வண்டியைப் பிடித்துக்கொண்டது என்று அவருக்கு இப்போது தோன்றியது.

"காலம்பற வண்டிக்குப் பொட்டு வச்சது நீதானே?"

"நீங்கதானே வைக்கச் சொன்னிய."

"உனக்க கையில ராசி இல்லட்டி. அழுத கை."

அவள் முன்பக்கத் தகட்டில் வைத்திருந்த சின்னக் குங்குமப் பொட்டைத் துண்டால் துடைத்தார். கிண்ணத்திலிருந்து சந்தனத்தைப் பெருவிரல் நிறைய வழித்தார். வண்டிக்குத் தலை எது என்று சுற்றிப் பார்த்ததில், எல்லாவற்றுக்கும் மேலே துருத்திக்கொண்டிருந்த பெட்ரோல் மூடிதான் கண்ணில் பட்டது. அதன் நடுமண்டையில் வைத்து அழுத்தினார்.

பஸ் ஓட்டும் பொன்னுலிங்கம் வந்து மூடியைத் திறந்தான். உள்ளே சொட்டுப் பெட்ரோல் இல்லை. ஒரு டின் வாங்கி ஊற்றியதும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. கைலாசநாதன் மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வையில், பெட்ரோலுக்கு எந்தப் பங்கும் இல்லை. எல்லாம் சந்தனத்தின் மகிமை. பொன்னுலிங்கத்தின் கை பட்டுக் கலைந்த இடத்தில் இன்னும் ஒரு விரல் அப்பிவிட்டார்.

இரண்டு சால் ஓடி வண்டி நின்றது.

பொன்னுலிங்கம் மறுபடி மூடியைத் திறந்து பார்த்தான். பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டுக் கம்பியைச் சுற்றினான், கிளம்பியது. கைலாசநாதன் மறுபடி சந்தனம் வைத்தார், மறுபடி நின்றது. பொழுது சாயும்வரை இதுவேதான் நடந்தது. கடைசியில் பொன்னுலிங்கம், துரை பேச்சுக் கேட்டுப் பழகிய வண்டி நம் பேச்சுக்கு மசியாது என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நடையைக் கட்டினான்.

வயல் கோயிலுக்குச் சொந்தம். கைலாசநாதன் பாட்டத்துக்கு எடுத்துப் பயிரிடுகிறவர். வைகாசிப் பாதியில் வரும் இடவப்பாதி மழை இறங்குமுன் உழுது, முதல் போகமான கன்னிப்பூ விதைத்தாக வேண்டும். தவறினால் வயல் வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த வேறு ஆள் தெய்வநாயகம்தான் என்பது ஊருக்கே தெரியும். வண்டியைக் கட்டி இழுத்தால் கிளம்பும் என்று யாரோ சொல்ல, வேறு வழியில்லாமல் மச்சினனிடமே போய் நின்றார்.

"இதுக்கென்ன அத்தான், நம்ம காளைதானே" என்றான் தெய்வநாயகம். அந்த 'நம்ம' அவரைச் சுட்டது.

அவர் விற்ற காளைகள் அவர் வாங்கிய வண்டியை அவர் வயலிலேயே இழுத்தன. உள்ளூர்ச் சனம் வரப்பில் வரிசையாக நின்று பார்த்தது. பின்னால் கலப்பை மண்ணில் இறங்கியிருந்ததால் ஒரு மூலை நன்றாகவே உழுதுவிட்டது. அந்த வருஷம் அவருக்கு நடந்த உழவு அவ்வளவுதான். வண்டிமட்டும் கிளம்பவில்லை. அவிழ்த்துவிட்டதும் காளைகள் பழைய நினைப்பில் அழகியநாயகியிடம் போய் நின்றன. அவள் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"பாத்தியா, இன்னும் உனக்க மனசு அங்கதான் கெடக்கு" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

பிறகு மந்திரவாதம் பார்க்கும் சுடலையாண்டி வந்தார். வண்டியை ஒரு தடவை வலம்வந்து, இதில் ஒரு பெண்ணின் கண்ணீர் ஏறியிருக்கிறது என்றார். இரண்டு வீடு தள்ளி விசாரித்தாலே தெரிந்துவிடும் விஷயம். ஆனாலும் கைலாசநாதனுக்கு மெய்சிலிர்த்தது. தினமும் ஆண்கையால் சந்தனம் வைக்க வேண்டும், வைத்த பொட்டுக் கலையாமல் மூடியை யாரும் திறக்கவே கூடாது என்று கட்டளை ஆயிற்று. அன்றிலிருந்து வண்டி இருமுவதையும் நிறுத்திக்கொண்டது.

சந்தனத்தின் மேல் சந்தனம் ஏறி, மூடி கொழுக்கட்டைபோல ஆனது. மழையும் வந்தது. கோயில் ஆட்கள் வந்து தரிசாகக் கிடந்த வயலைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் அதே காளைகளைப் பூட்டித் தெய்வநாயகம் அங்கே சேறு கலக்கித் தொளி உழவு அடித்தான்.

அன்றைக்குத்தான் கைலாசநாதன் சொல்லக் கூடாததைச் சொன்னார். "நீ இருக்க வீடு விளங்காது. எனக்க வயலத் தின்னது உனக்க கைதான்."

அழகியநாயகி உள்ளே போனாள். மாற்றுச் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு தம்பி தெய்வநாயகத்தின் வீட்டுக்குப் போய்விட்டாள். காளை, வயல், பெண்டாட்டி என்று அவரிடமிருந்து போனவை எல்லாம் ஒரே முற்றத்தில் போய்ச் சேர்ந்தன. அவருக்கு மிச்சம் டிராக்டர்.

அதையும் கேட்டுக் குளச்சலிலிருந்து மரியஜான் வந்தார். வள்ளங்களைக் கடலிலிருந்து மணலுக்கு இழுத்தேற்ற ஒரு வண்டி வேண்டுமாம். ஓடாத வண்டி என்று தெரிந்தேதான் வாங்கினார். ஆனால் இந்தக் கோலத்தில் கொண்டுபோனால் ஊரில் கேலி செய்வார்கள் என்று, ஒரு தேங்காய்ச் சிரட்டையால் சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்தார்.

கைலாசநாதன் தடுக்கவில்லை. வீட்டுக்குள் போய் அடுப்பில் தானே வைத்திருந்த கஞ்சியைக் கிளறினார். அது அடிப்பிடித்திருந்தது.

வெளியே டிராக்டர் கிளம்பியது. நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தது.

அவர் அகப்பையோடு வெளியே ஓடிவந்தார். மரியஜான் வண்டியிலிருந்து இறங்கி, காய்ந்த சந்தனக் கட்டி ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"பெட்ரோல் மூடியில ஊசி கேறுத அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு, பிள்ளைவாள். வண்டி மூச்சு விடுகது அதுவழியாக்கும். அத அடச்சிட்டுக் கெடந்தது இதுதான். மேல்பக்கம் பாருங்க, ரேகை அப்படியே பதிஞ்சு கெடக்கு. நல்ல தடிச்ச ஆம்பளப் பெருவிரலு."