ராஜாவுக்குப் போட்ட இலை

அந்த நாட்டில் ராஜாவின் முகம் யாருக்கும் ஞாபகம் இல்லை. உச்சிப்பொழுதில் ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழுந்து தெருக்களை மூடுகிற நாடு அது. என்றோ ஒரு மதியம் அந்த மூட்டத்துக்குள்ளிருந்து அவர் நடந்து வந்தார். வீடு வீடாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். மூட்டத்துக்குள்ளேயே போய்விட்டார். போகும்போது அவர் சொன்னது மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

“திரும்பி வருவேன். நீங்க சாப்பிட உக்காரும்போது எனக்கும் ஒரு இலை போட்டு வைங்க. பசியோட யாரு வந்தாலும் நான்னு நினைச்சுப் பரிமாறுங்க.”

அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் ஒரு இலை கூடுதலாக விழுந்தது. மூட்டத்திலிருந்து யாராவது வருவார்கள். வழி தப்பியவர், வேலை தேடிப் போகிறவர், வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பியவர். உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், இலையை எடுத்துக்கொண்டு மறுபடி வெள்ளைக்குள் கரைந்துபோவார்கள். யாரும் பெயர் கேட்டதில்லை. ராஜாவிடம் போய்ப் பெயர் கேட்பார்களா என்ன?

படித்துறைத் தெருவில் சவரியாயி இருந்தாள். அவளுடைய ஒரே மகன் இன்னாசி மூட்டத்துக்கு அப்பால் உப்பள நாட்டுக்குப் பிழைக்கப் போனவன். தகவல் எதுவும் இல்லை. அந்த இலையில் சோறு வைக்கும்போதெல்லாம் அவள் ஒன்றை நினைத்துக்கொள்வாள். இந்நேரம் அங்கே எவளோ ஒருத்தி என் பிள்ளைக்குப் பரிமாறிக்கொண்டிருப்பாள். அப்படி நினைத்தால்தான் அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்கும்.

பிறகு ராஜாவின் மேல் அக்கறை உள்ளவர்கள் வந்தார்கள்.

இத்தனை வீட்டில் இத்தனை இலை கிடந்தால் ராஜா எங்கே போவார், எப்படித் திண்டாடுவார் என்று அவர்கள் வருந்தினார்கள். குன்றின் மேல் இலை மாளிகை எழும்பியது. உள்ளே ஒரே ஒரு இலை, பட்டு விரிப்பின் மேல். இனி வீடுகளில் யாரும் ராஜாவுக்கு இலை போடக் கூடாது, அரிசியும் காய்கறியும் மாளிகைக்கு வர வேண்டும் என்று பறை அறைந்து சொன்னார்கள். மக்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மாளிகை அழகாகத்தான் இருந்தது. மூட்டம் சூழும்போது வானத்தில் மிதப்பது போலத் தெரியும்.

அடுத்து நுனிப் பிரச்சினை வந்தது. இலையின் நுனி இடது பக்கம் இருக்க வேண்டும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் முன்னால் ஆளே இல்லாத இலைக்கு இடது எது? உட்காரப்போகிற ராஜாவின் இடதா, நின்று பார்க்கிற நம் இடதா? நாடு இரண்டாகப் பிரிந்தது. தேர்தல் நடந்தது. நிச்சயித்த கல்யாணங்கள் நின்றுபோயின. ஜெயித்தவர்கள் மேளதாளத்தோடு இலையை அரைச் சுற்று திருப்பிவைத்தார்கள்.

படைத்த சோறு ஊசிப்போனது. அதனால் ராஜா வரும்வரை அவர் சார்பில் மாளிகையின் பெரிய காப்பாளரே சாப்பிடுவது என்று முடிவானது. மனசே இல்லாமல்தான் அவர் ஒப்புக்கொண்டார். பசித்தவன் பார்வை பட்டால் இலைக்கு ஆகாது என்பதால், பசியோடு வருகிறவர்களுக்கு மாளிகையில் அனுமதி இல்லை என்ற சட்டமும் வந்தது.

மூட்டத்திலிருந்து வந்தவர்கள் சாத்திய கதவுகளைப் பார்த்தார்கள். கொஞ்சம் நின்றார்கள். திரும்பிப் போனார்கள்.

சவரியாயி கஞ்சி குடித்துவிட்டு மாளிகைக்குப் போனாள். பசி இல்லாததால்தான் உள்ளே விட்டார்கள். பெரிய காப்பாளர் ராஜாவுக்காகச் சாப்பிட்டு முடித்து வாய் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, எங்க வீட்டுல மட்டுமாச்சும் இலை போட்டுக்கிறேனே.”

“உங்க பக்தி புரியுதும்மா. ஆனா உங்க வீட்டுக்கு வந்தது ராஜாதான்னு என்ன அத்தாட்சி?”

“பசியோட வந்தாங்க.”

“பசி எல்லாருக்கும்தான் வருது. அது ஒரு அடையாளமா?”

“அவரு சொன்ன அடையாளம் அது ஒண்ணுதானுங்களே.”

காப்பாளர் பக்கத்தில் நின்ற தன் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தொண்டையைச் செருமினார். “ராஜா சொன்னதை அப்படியே எடுத்துக்கப்படாதும்மா. அதுக்குத்தானே நாங்க இருக்கோம்.”

“நீங்க வர்றதுக்கு முந்தியும் ஜனங்க சாப்பிட்டாங்களே.”

“சாப்பிட்டாங்க. முறைப்படி சாப்பிடல.”

அவளுக்குத் திடீரென்று ஒரு பயம் வந்தது. “உப்பள நாட்டுலயும் இந்தச் சட்டம் உண்டுங்களா?”

காப்பாளர் முகம் மலர்ந்தது. “இல்லாம? நம்மளப் பாத்துத்தான் அங்கயும் மாளிகை தொறந்திருக்காங்க. நாமதான் முன்மாதிரி.”

“அப்ப எம்புள்ளைக்கு யாரு போடுவா?”

“கவலைப்படாதீங்க. அவனுக்கும் சேர்த்துத்தான் நாங்க சாப்பிடுறோம்.”

அவள் வீட்டுக்கு வந்தாள். உலை வைத்தாள். சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் சுமந்துகொண்டு எல்லைக்கல்லைத் தாண்டி நடந்தாள். அங்கே நாடும் இல்லை, சட்டமும் இல்லை. பாதை மட்டும் மூட்டத்துக்குள் நீண்டு கிடந்தது. பாதையோரம் இலை போட்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் வெள்ளை தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு மூட்டத்துக்குள் கால்கள் தெரிந்தன. கால்களுக்கு மேல் ஆள் தெரிந்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இன்னாசி இல்லை. பரிமாறினாள்.

நாள்பட நாள்பட ஊரிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். அவரவர் கையில் ஒரு பானை. ராஜாவின் இடது என்றவர்களும் இருந்தார்கள், நம் இடது என்றவர்களும் இருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சந்தியாகு கண் கலங்கிவிட்டான்.

“எக்கா, மாளிகையில வராத நிம்மதி இங்க வருதுக்கா. ஆனா பனித்தண்ணி சோத்துல சொட்டுது பாரு. நாலு கம்பு நட்டு ஒரு பந்தல் போட்டா என்ன?”

ஆசையாகக் கேட்டான். அவள் சரி என்றாள். பந்தல் வந்தது. பனி பக்கவாட்டிலும் அடித்ததால் தட்டி வந்தது. தட்டி வந்ததால் வாசல் வந்தது. முண்டியடிக்காமல் இருக்க வாசலில் ஓர் ஆள் நின்றான். எல்லாம் நல்ல மனசோடு நடந்தது.

ஒரு மதியம் உள்ளே அவள் பரிமாறிக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சு கேட்டது.

“யாருய்யா நீ? எந்த ஊரு?”

“தூரமுங்க.”

“நுனி எந்தப் பக்கம் வைக்கணும்னு தெரியுமா?”

“தெரியாதுங்க. சோறு கெடைச்சாப் போதும்.”

“அப்படிச் சொன்னா எப்படி? ஒரு முறை வேணாமா?”

வந்தவனின் குரல் இன்னாசியின் குரல் மாதிரியே இருந்தது. அவள் பானையோடு எழுந்து வெளியே வந்தாள். இன்னாசி இல்லை. முப்பது வயது இருக்கும், யாரோ ஒருவன். கணுக்கால்வரை உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

அவள் அவனை உட்காரச் சொன்னாள். பாதையிலேயே இலையை விரித்துச் சோறு போட்டாள். சந்தியாகு ஓடி வந்தான்.

“எக்கா, கொஞ்சம் விசாரிச்சுட்டு உள்ளயே விட்டிருப்போம்ல.”

“நீ விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள சோறு ஆறிடும்டா.”

உப்பள நாட்டைப் பற்றிக் கேட்க அவளுக்கு வாய் வரை வந்தது. அவன் முதல் கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தான். சாப்பிடட்டும் என்று பொறுத்துக்கொண்டாள். பாதி இலை காலியானதும் அவனே பேசினான்.

“உப்பளத்து எல்லையிலயும் ஒரு அம்மா இப்படித்தாங்க ரோட்டுல உக்காந்து சோறு போடுது. எங்களை மாதிரி நெறைய பேரு அங்க சாப்பிட்டுத்தான் கெளம்புனோம்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான். “அங்கயும் பந்தல் போடலாம்னு பேசிக்கிட்டிருந்தாங்க.”

சவரியாயி வெகுநாளைக்குப் பிறகு ஒரு வாய் சோறு எடுத்துப் போட்டுக்கொண்டாள். அது இறங்கியது.

பந்தலுக்கு உள்ளே, வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டால் அது சாப்பிட்டதாக ஆகுமா என்று விவாதம் தொடங்கியிருந்தது. அவன் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.